பசுமைக்கு முழுப் புள்ளி

சுவர் இன்னும் காய்ந்திருக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மாத்தயா அதில் கையை ஊன்றிக்கொண்டுதான் படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எடுத்தபோது ஐந்து விரலும் வெள்ளை. அவர் அதைக் கவனிக்காமல் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

"வீட்டுக்குள் காற்று வருகிறதா என்று கேளுங்கள்" என்றார் சிங்களத்தில்.

கேட்டேன்.

"நல்லா வருதுங்க" என்றாள் செல்வமணி. அந்த வரிசையின் கடைசி வீடு அவளுடையது. மேல்வரிசை. வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறுகிறது.

"வெளிச்சம்?"

"நல்லா இருக்குங்க."

"சுவரில், தரையில் ஏதாவது பழுது?"

அவள் மாத்தயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குங்க."

அதை நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு 'சரி' போட்டார். அந்தச் 'சரி' போட்டதில் பேனா அவருடையது, வாய் என்னுடையது. இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.

கம்பூட்ஸ் வாங்க வந்தவர்

முதலில் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லவேண்டும். அப்போது பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக் கடையில் வேலைக்கு நின்றேன். அதற்கு முன் பண்டாரவளையில் மரக்கறி லொறி. அதற்கு முன் புத்தல பக்கம் கரும்பு வெட்டு. கொழும்பில் ஒரு சைவக் கடையில் கொஞ்ச நாள் தட்டுக் கழுவினேன். ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் என் கால் நிற்காது. ஏழாம் வகுப்பிலும் அப்படித்தான் நிற்கவில்லை.

ஒருநாள் காலை, மழைத் தூறலில், ஓர் இளம் மாத்தயா ரப்பர் கம்பூட்ஸ் வாங்க வந்தார். தோட்டப் பக்கம் புதுக் குடியிருப்பு ஒன்றை மதிப்பிடப் போவதாகவும், தமிழ் பேசத் தெரிந்த ஆள் வேண்டுமென்றும் சொன்னார். கூட வரவேண்டியவருக்குச் சுகமில்லையாம்.

நானா என்னைச் சிங்களத்தில் சிபாரிசு செய்துவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று அதையே தமிழிலும் சொன்னார். "இவனக் கூட்டிட்டுப் போங்க மாத்தயா. பத்து ஊருத் தண்ணி குடிச்சவன். ரெண்டு பாஷையும் பேசுவான். எழுத மட்டும் சொல்லிராதீங்க."

இப்போது வாராவாரம் எழுதுகிறேன். நானா இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறாரோ, ஆணி சுற்றிக் கொடுக்கிறாரோ, தெரியாது.

ஜீப்பில் போகும்போது மாத்தயா விளக்கினார். ஆள் நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குடியிருப்பு பல காலம் தாக்குப்பிடித்து நிற்குமா, சுற்றுச்சூழலுக்குப் பாரமாக இருக்காதா என்று பார்த்துப் புள்ளி போடுவதுதான் அவர் வேலை. படிவத்தில் அதற்கு 'நிலைபேறு' என்று தமிழிலும் அச்சடித்திருந்தது. நானே எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

"இதுதான் கடைசி மதிப்பீடு" என்றார். "தேறிவிட்டால் கட்டியவர்களின் பொறுப்பு இன்றோடு முடியும். பிறகு ஏதாவது செய்யவேண்டுமென்றால் அங்கே இருப்பவர்கள்தான் செய்துகொள்ள வேண்டும். இதே வரைபடத்தை வைத்து வேறு தோட்டங்களிலும் கட்டப் போகிறார்கள்."

மீரியபெத்த தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போன பிறகு, எங்கள் மலைகளில் மழை பெய்தால் யாரும் மழையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இந்தத் தோட்டத்திலும் பழைய வரிசை வீடுகளான லயங்கள் ஆபத்தான இடத்தில் இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்த குடும்பங்களை மேலே கொண்டுவந்து வைத்தார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, மேலே தகடு. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

நடந்து போகிறார்கள், ரொம்ப நல்லது

படிவத்தோடு நாங்கள் வீடு வீடாகப் போனோம்.

"வேலைக்கு எப்படிப் போகிறார்கள்?"

"நடந்து."

"ரொம்ப நல்லது" என்று முழுப் புள்ளி போட்டார்.

"வாகனம் எத்தனை வீட்டில் இருக்கிறது?"

ஒரு வீட்டிலும் இல்லை. பதுளை பஸ் பிடிக்க மூன்று கட்டை தூரம் இறங்கவேண்டும். பிள்ளைத்தாய்ச்சியும் அந்த மூன்று கட்டையை இறங்கத்தான் வேண்டும். புகை இல்லாத குடியிருப்பு. முழுப் புள்ளி.

"மின்சாரம் அதிகம் செலவாகிறதா?" வீட்டுக்கு இரண்டு பல்பு. முழுப் புள்ளி. "மழைத் தண்ணீரைச் சேமிக்கிறார்களா?" கூரைக்கு அடியில் எல்லா வீட்டிலும் பீப்பாய் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் எதற்குப் பீப்பாய் வைக்கிறார்கள் என்று படிவம் கேட்கவில்லை. கேட்காததால் அதற்கும் முழுப் புள்ளி.

பிறகு அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் தேயிலை, பச்சைப்பசேல் என்று. முகம் மலர்ந்துவிட்டது. "பசுமைவெளி!" என்றார். பசுமைக்கு மட்டும் தனிப் பக்கம் இருந்தது.

அந்தப் பசுமையில் இவர்களுக்கு ஒரு கைப்பிடி சொந்தமில்லை. ஓர் ஆட்டை அதில் கட்ட முடியாது. ஒரு வரிசை பீன்ஸ் போட முடியாது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட காய்ந்த தேயிலைக் குச்சியைக்கூடக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். பார்ப்பதற்குப் பசுமை, தொட்டால் தோட்டத்தின் சொத்து. ஆனாலும் முழுப் புள்ளி.

இல்லாமையை எல்லாம் எடுத்து ஒழுக்கம் என்று பெயர் போட்டு எழுதுகிற ஒரு தாளை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். கொழும்பில் காரை விட்டுவிட்டு நடப்பவனுக்குக் கொடுக்கவேண்டிய புள்ளியை, செருப்புத் தேய நடப்பதைத் தவிர வேறு வழியில்லாதவளுக்குக் கொடுத்து, உன் குடியிருப்பு அருமை என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

வரைந்தவர்களும் சமதரையில் உட்கார்ந்துதான் வரைந்திருக்கிறார்கள். பொது மண்டபத்துக்கு முன்னால் சைக்கிள் நிறுத்த இரும்புக் கம்பி நட்டிருந்தது. அந்த ஏற்றத்தில் சைக்கிள் வைத்திருப்பவன் பைத்தியமாகத்தான் இருக்கவேண்டும். கம்பியில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. மண்டபம் பூட்டியிருந்தது. சாவி தலைவரிடம். தலைவர் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டையோடு எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

எல்லா வீட்டிலும் ஒரே பதில். "நல்லா இருக்குங்க." எல்லா வீட்டுப் பின்சுவரிலும் ஒரே வாடை.

சுகமுங்க

இந்த வாடை எனக்குப் பழசு.

நான் பிறந்தது பூனாகலைப் பக்கத்து லயம் ஒன்றில். தோட்டத்துத் துரை லயம் பார்க்க வருகிறார் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொல்லிவிட்டால், முதல் நாளே சுண்ணாம்பு வாளி வந்துவிடும். சுவரில் எத்தனை ஓட்டை இருந்தாலும் மண்ணை அப்பி, மேலே ஒரு பூச்சு. சாக்கடை ஓரத்துச் சாணியை அள்ளிவிடுவோம். கிழிந்த சாக்கை இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்து சேலையை எடுத்து வாசலில் கட்டுவோம். துரை நடந்து போவார். "ஒக்கோம ஹொந்தாய்?" என்று கங்காணியிடம் கேட்பார். "எல்லாம் நல்லா இருக்குங்க தொரை." அவர் போனதும் சேலை பெட்டிக்குள் போய்விடும். மண் ஒரு மழைக்குத் தாங்கும்.

ஒரு தடவை துரை வரவில்லை, டாக்டர் வந்தார். காய்ச்சல் பரவுகிறது என்று லயம் லயமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் தம்பிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அவனுக்குத் தலை சீவி, பவுடர் பூசி, புதுச்சட்டை போட்டு, வாசலில் நேராக உட்காரவைத்தாள்.

"எல்லாரும் சுகமா?" என்றார் டாக்டர்.

"சுகமுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் போய்விட்டார். மூன்றாம் நாள் தம்பியைத் தேயிலை லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். இடது காது மட்டும் கேட்காது.

அம்மா முட்டாள் இல்லை. கொப்பியும் பேனாவுமாக வருகிறவன் குறையைத் தேடி வருகிறான், குறை கண்டால் நமக்குத்தான் அடி என்று நாலு தலைமுறையாகச் சொல்லாமல் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். டாக்டர் கையிலும் கொப்பிதான் இருந்தது.

உரித்த சுவர்

செல்வமணியின் வீட்டில் மாத்தயா அந்தச் 'சரி'யைப் போட்டுவிட்டு முன்பக்கம் போனார். நான் பின்பக்கமே நின்றேன். மூலையில் சுண்ணாம்பு வாளி. தேங்காய் மட்டையில் தட்டிய தூரிகை. பக்கத்தில் பிசைந்த களிமண் மிச்சம். சுவரில் ஓர் இடம் மட்டும் புடைத்து, ஈரமாக, மேலிருந்து கீழே கோணலாக ஓடியது. விரலால் அழுத்தினேன். உள்ளே போனது.

"தங்கச்சி, இது எப்ப பூசினது?"

"நேத்துண்ணே. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் பூசினோம்."

"ஏன்?"

அவள் சிரித்தாள், நான் ஏதோ அறியாப்பிள்ளை மாதிரி. "என்னண்ணே கேக்குறீங்க? வீட்டுக்கு வர்றவங்களுக்கு வெடிச்ச செவுத்தையா காட்டுறது?"

"அவரு விருந்தாளி இல்ல தங்கச்சி. வெடிப்ப பாக்கத்தான் வந்திருக்காரு."

சிரிப்பு நின்றது. "கொற சொன்னா வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வராதுன்னு தலைவரு சொன்னாரே."

"உறுதி வருமா வராதா எனக்குத் தெரியாது. இன்னைக்கு அவரு கையெழுத்து வச்சிட்டுப் போனா, இந்தச் செவுத்துக்கு யாரும் வரமாட்டாங்க. அது மட்டும் தெரியும். ஜீப்ல அவரே சொன்னாரு."

அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். "மழைன்னா நானும் புள்ளைங்களும் முன் அறையிலதான் படுக்குறோம்ணே" என்றாள். "பின் அறையில செவுரு சத்தம் போடுது."

பிறகு உள்ளே போய்க் கவ்வாத்துக் கத்தியோடு வந்தாள். "மாத்தயாவக் கூப்பிடுங்க."

மாத்தயா வந்து நின்றதும் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். ஈரச் சுண்ணாம்பும் களிமண்ணும் கட்டிகட்டியாக விழுந்தன. தலைவர் ஓடிவந்தார்.

"ஏய் செல்வமணி! பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"நேத்துப் பூசினவளுக்கு இன்னைக்கு உரிக்கத் தெரியாதா தலைவரே? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்ட அழுக்காயிரும்."

வெடிப்பு கூரையடியிலிருந்து தரை வரைக்கும் போனது. கத்தி முனையை நுழைத்துக் காட்டினாள். முனை முழுக்க உள்ளே போனது. மாத்தயா குனிந்து வெடிப்புக்குள் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பிறகு காணவில்லை. சற்று நேரத்தில் அவள் வீட்டுப் பின்னாலிருந்தும் சுரண்டும் சத்தம். அதற்கடுத்த வீடு. அதற்கடுத்தது. வரிசை முழுக்க இரும்பு சுவரில் உரசியது.

"ஏன் மறைத்தார்கள்?" என்று மாத்தயா என்னைக் கேட்டார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்பதால்" என்றேன். சிங்களத்தில் இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழிலும் வராது.

ஒரு புள்ளி

காரணத்தையும் செல்வமணியே காட்டினாள். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்க, தேயிலை மலையில் குறுக்கே, மெல்லிய வாட்டத்தில் வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். அதற்குத்தான் கான் என்று பெயர். மலையின் தண்ணீரைக் கான் வாங்கி, பக்கத்து ஓடையில் கொண்டுபோய் விடும். வீட்டுக்கு நிலம் சமப்படுத்தியபோது டோசர் அந்தக் கான்களை நடுவில் அறுத்துவிட்டது. மேலே இருக்கும் பாதிக் கான்கள் இன்னும் தண்ணீரை வாங்கத்தான் செய்கின்றன. வாங்கி, அறுத்த வாய் வழியாக இவள் வீட்டுப் பின்சுவரில் கொட்டுகின்றன.

"எங்க வீட்டுக்காரரு பத்து வருஷமா கான் வெட்டுறவரு" என்றாள். "அத்திவாரம் வெட்டும்போதே சொன்னாரு. நீ என்ன இன்ஜினியரான்னு கேட்டாங்களாம்."

"கொஞ்சம் மேலே புதிதாக ஒரு கான் குறுக்கே வெட்டி ஓடையில் சேர்த்தால் போதுமா?" என்று மாத்தயா கேட்டார்.

"போதுங்க. ஆனா மேல இருக்கிறது தோட்டத்துத் தேயில. நாங்க தொடக்கூடாது."

அவர் படிவத்தைத் திறந்து, பழுதுக்குப் போட்ட 'சரி'யை வெட்டினார். பிறகு கீழே கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். என்னிடம் தாளைக் காட்டினார். கணக்கு எனக்கும் வரும். நடைக்கு முழு, புகைக்கு முழு, பீப்பாய்க்கு முழு, பசுமைக்கு ஒரு பக்கம் முழு. சுவர் வெடிப்புக்குப் போனது ஒரே ஒரு புள்ளி. குடியிருப்பு நன்றாகத் தேறிவிட்டது.

"இதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். தாளைப் பின்பக்கம் திருப்பி, ஜீப் பொனட்டில் வைத்து, கான் விஷயத்தைக் கையால் நீளமாக எழுதினார். அச்சடிக்காத பக்கத்தைக் கொழும்பில் யார் திருப்பிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

போயா நாள் வேலை

மாதங்கள் போயின. யாரும் வரவில்லை. மாரி தொடங்கியது. நான் இரும்புக் கடையை விட்டுவிட்டு பதுளை பஸ் நிலையத்தில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தேன். செல்வமணியின் கணவர் ராஜேந்திரன் அங்கே ஒருநாள் என்னைக் கண்டுபிடித்தார். ஒல்லி ஆள், வெற்றிலை வாய், அதிகம் பேசமாட்டார்.

"மாத்தயா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் தெரியலண்ணே."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த போயா நாளில், பௌர்ணமி விடுமுறையென்று தோட்டத்தில் வேலை இல்லாத பட்டப்பகலில், அவரும் வரிசையின் ஆண்கள் ஆறு பேரும் மண்வெட்டியோடு மலையேறினார்கள். பெண்கள் மண் சுமந்தார்கள். மட்டம் பார்க்க ஒரு கருவியும் இல்லை. தண்ணீரை ஊற்றி, அது போகிற போக்கைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். வழியில் நின்ற தேயிலை மரங்களை வேரோடு தோண்டி, மண்ணோடு மேலே ஒதுக்கி நட்டார்கள். மாலைக்குள் கான் ஓடையைத் தொட்டுவிட்டது.

அந்த வாரமே பெருமழை அடித்தது. மலையின் தண்ணீர் கானில் இறங்கி, வளைந்து, ஓடைக்குப் போனது. செல்வமணியின் பின்சுவர் நனைந்தது கூரைச் சாரலில் மட்டும்தான்.

மழை விட்ட மறுநாள் தோட்டத்திலிருந்து பொலிஸில் முறைப்பாடு. தோட்டக் காணிக்குள் புகுந்து தேயிலையைப் பிடுங்கிச் சேதப்படுத்தியது. யார் செய்தது என்று கேட்டபோது ராஜேந்திரன், "நாந்தாங்க" என்றார். மற்ற ஆறு பேரைப் பற்றி வாய் திறக்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. பிணையில் விட்டதால் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டேஷனில் கையெழுத்து. அதனால்தான் தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை, ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

மீண்டும் ஒரு மாத்தயா வருகிறார், மொழிபெயர்க்க வரமுடியுமா என்று குடியிருப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். போனேன். அதே மாத்தயாதான். மற்றத் தோட்டங்களில் கட்டுவதற்கு முன் ஒருதடவை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் புதுப் படிவம். பின்பக்கம் எழுதியதைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

பின்பக்கம் போய் மலையைப் பார்த்தார். கானின் ஓரமாகவே ஓடை வரைக்கும் நடந்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வாட்டம் ஓர் இடத்திலும் பிசகவில்லையாம். படம் படமாக எடுத்தார்.

"யார் செய்தது?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் செல்வமணி.

"அவரைப் பார்க்கலாமா?"

"ஞாயித்துக்கெழமைங்களே. கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். மாத்தயா படிவத்தைத் திறந்தார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி, 'மக்கள் பங்களிப்பு' என்ற இடத்தில் எண்ணை எழுதினார்.

"என்னண்ணே எழுதுறாரு?" என்று செல்வமணி கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்காரரு வெட்டின கானுக்கு முழுப் புள்ளியாம், தங்கச்சி."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். படிவத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் வராது, அவர் எழுதியதில் அந்த எண்ணை மட்டும்தான் படிக்க முடிந்தது.

"அந்தத் தாள ஒருக்காத் தருவாராண்ணே? ஸ்டேஷன்ல காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

கேட்டேன். இது கொழும்புக்குப் போகவேண்டிய தாள் என்றார்.